கையில் எழுதிய நம்பர்

பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கப் போகும் ஹாலோவீன் அன்று மாலை கிளம்பும் முன் டெனீஸ் தன் மகள் ஹேசலின் முன்கையில் மார்க்கர் பேனாவால் தன் போன் நம்பரை எழுதினாள். கூட்டத்தில் பிள்ளை தவறிப்போனால் யாராவது கூப்பிடுவார்கள் அல்லவா? வாசல் விளக்கு எரியாத வீட்டுக்கு மிட்டாய் கேட்டுப் போகக் கூடாது என்றும் சொல்லி வைத்தாள்.

தெருவெங்கும் ஹேசல் போட்டிருந்ததைப் போலவே ஒரே கடையில் வாங்கிய நரி வேஷங்கள், முகத்தை மூடும் அதே முகமூடிகள். அதனால் பிடித்த கையை அவள் விடவே இல்லை. தன் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தபோது மட்டும் விட்டாள்.

சற்றுத் தள்ளிப் போனதும் போன் அடித்தது.

"ஏம்மா, நரி வேஷம் போட்ட பொண்ணு உன்னோடதா? எங்க வாசப்படியில உக்காந்து அழுவுது. கையில உன் நம்பர் இருக்கு."

"இல்லீங்க, எம்பொண்ணு என் கையத்தான் புடிச்சிருக்கா."

மறுமுனையில் விசும்பல். "அம்மா, என்ன விட்டுட்டு ஏன் போன?" ஹேசலின் குரலேதான்.

யார் வீட்டுப் பிள்ளையையோ இழுத்து வந்துவிட்டோமே என்று பதறி, பக்கத்தில் நின்ற நரியின் சட்டைக் கையை மேலே தள்ளினாள் டெனீஸ். அங்கேயும் அவள் கையெழுத்தில் அதே நம்பர், அவசரத்தில் அடித்துத் திருத்திய அதே ஏழு.

முகமூடி நிமிர்ந்தது.

"அவ அங்கயே இருக்கட்டும்மா," என்றது ஹேசலின் குரலில். "நாம வீட்டுக்குப் போலாம்."