ஜுலைகாவின் இருபத்தொன்பதாம் நோன்பு

மின்விசிறியைக் கூட்டுவதாக நினைத்துக் கைபேசியில் தப்பான பொத்தானை அமுக்கிவிட்டேன். பகல் மூன்று மணிக்கு, சர்க்கரை ரொம்ப இறங்கினால் கைபேசியிலிருந்தே திறக்கும்படி என் மனைவி ஜுலைகாவின் தோளுக்குள் டாக்டர் வைத்திருக்கும் பை திறந்து அவளுக்குக் குளுக்கோஸ் ஏறிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரியான அவள், அந்தப் பையை நம்பிப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு இந்த ரமலானில்தான் ஒன்றுவிடாமல் நோன்பு வைத்து வந்தாள்.

நோன்பு முறிந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். "பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேளுங்க பாய்" என்றார். ஹஜ்ரத்தோ, "அது உணவா மருந்தான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க" என்றார். இருவருக்கும் நடுவில் மூன்று முறை ஓடியதில் எனக்கே குளுக்கோஸ் தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்து, "கோபமா ஜுலைகா?" என்றேன்.

"இல்ல மச்சான். பெருநாளுக்குப் பெறகு ஒரு நோன்பு வச்சுக்கறேன். மதியம் லுஹர் தொழுகையிலேருந்தே கண்ணு இருட்டுச்சு. நோன்பை விடச் சொல்வீங்கன்னு சர்க்கரை இறங்கினா அடிக்கிற எச்சரிக்கை மணியை நான்தான் அமத்தி வச்சேன். நீங்க அமுக்கலைன்னா விழுந்திருப்பேன்."