பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்

அவர் விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். குக்கரில் பருப்பு இரண்டு விசில் விட்டிருந்தது. கரண்டியைக் கழுவ வந்தவள் தலையை நிமிர்த்தாமலே போயிருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் வீடு கட்டுகிறவர்கள் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு நேர் எதிரே ஜன்னலை வைத்துத் தொலைக்கிறார்கள்.

எதிர்வீட்டு வெண்டல். எண்பத்து நான்கு வயது, தனிக்கட்டை. தபால் பெட்டியைத் திறந்தார். கடிதங்களை எடுத்துக்கொண்டு திரும்பினார். பனியில் கால் வழுக்கிச் சரிந்தார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. இரட்டைக் கண்ணாடி ஜன்னல்.

முகம் இவள் ஜன்னல் பக்கமாக இருந்தது. சிவப்புக் கையுறை அசைந்தது.

அவள் நின்றாள்.

அக்டோபரில் அவர் இதே இடத்தில் விழுந்தபோது அவள் நிற்கவில்லை. காலுறையோடு ஓடினாள். அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் முப்பது பேர் இதயம் போட்டார்கள். ஐந்து வருடமாக இவள் பெயரைக் கேட்டிராத ஒருத்தி வாழைப்பழக் கேக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நல்ல காரியம்தான். அதில் அவளுக்கு இன்றும் சந்தேகமில்லை.

அந்த நல்ல காரியத்தைக் கேள்விப்பட்டு ஃபீனிக்ஸிலிருந்து அவர் மகள் வந்தாள். கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். அப்பாவால் இனிப் பார்த்துக்கொள்ள முடியாது என்று நாயை யாருக்கோ கொடுத்தாள். கராஜுக்கு மேலே ஒரு கேமராவை மாட்டினாள். இன்னொரு தடவை விழுந்தால் முதியோர் இல்லம்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இவளுக்கு அழகான நன்றி அட்டை ஒன்றும் வந்தது.

மறுவாரம் வெண்டல் இவள் வாசலில் வந்து நின்றார். கோபமில்லை. இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார்.

"அடுத்த முறை நான் விழுந்தால், நீ பார்க்கவில்லை என்று வைத்துக்கொள். நானாக எழுந்துகொள்வேன். எழாவிட்டாலும் பரவாயில்லை."

குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்த வேண்டும். அவள் சரி என்றாள்.

அந்தச் சரியை வைத்துக்கொண்டுதான் இப்போது நிற்கிறாள்.

மூன்றாவது விசில்.

கணவன் செழியன் காபிக்காக மாடியிலிருந்து இறங்கி வந்தான். மீட்டிங் நடந்துகொண்டிருந்தது, காதில் ஹெட்செட். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"நமக்கெதுக்கு வம்பு. அவரேதான வேணாம்னாரு."

காபியோடு மேலே போய்விட்டான். கல்நெஞ்சக்காரன் என்று சொல்ல முடியாது. ரோட்டில் பூனை அடிபட்டுக் கிடந்தால்கூட அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

அக்டோபரில் எது தன்னை ஓடவைத்தது என்று அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். பரிதாபம் வரவில்லை. பயமும் வரவில்லை. கையிலிருந்த கரண்டி ஈரமாக இருந்தது. அது மட்டும் தெரிந்தது.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

வெண்டல் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு தடவை முயன்று பார்த்தார். பிறகு முயலவில்லை.

நான்காவது விசில். பருப்புக்கு மூன்றே போதும்.

சமையல் மேடையில் கிடந்த போன் அதிர்ந்தது. வெளியே அசைவு தெரிகிறது என்றது. அவர்கள் வீட்டு அழைப்புமணிக் கேமரா அனுப்பிய செய்தி. எடுத்துப் பார்த்தாள். திரையில் வெண்டல் நகமளவு இருந்தார்.

அப்போதுதான் அந்த இன்னொரு கேமரா நினைவுக்கு வந்தது. மகள் மாட்டிவிட்டுப் போனது. நேராக இவள் ஜன்னலைப் பார்க்கிறது. விளக்கெரியும் சமையலறை, அதில் கரண்டியோடு ஒருத்தி, எட்டு நிமிடமாக. ஃபீனிக்ஸில் உட்கார்ந்துகொண்டு மகள் எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

இத்தனை நேரம் வராத பதற்றம் மொத்தமாக வந்தது.

ஓடினாள். காலுறையோடுதான். 911-ஐ அழைத்துப் போனைக் காதில் வைத்தபடி, தெருவைக் கடந்து, நன்றாகத் தெரியும்படி ஓடினாள். பனியில் மண்டியிட்டு அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உதடு நீலம் பாரித்திருந்தது. கண்கள் தெளிவாக இருந்தன.

ஸ்பீக்கரில் போடும்படி மறுமுனைப் பெண் சொன்னாள். நிதானமாக விசாரித்தாள். முகவரி. வயது. மூச்சு விடுகிறாரா. விழுந்து எவ்வளவு நேரமாகிறது.

"இப்போதுதான்," என்றாள் இவள்.

வெண்டல் அவளை அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஆமாம். இப்போதுதான்," என்றார்.