அலுப்புப் பட்டை

பேச்சியக்காவுக்குக் கையில் கட்டிக்கொள்ளக் கொடுத்த அலுப்புப் பட்டை, இசக்கியம்மாளின் கைபேசியில் இரண்டு மாதமாகப் பச்சையே காட்டியது. நினைவு தப்பிய மாமனாரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அலுப்பே இல்லையாம்! பட்டை சிவந்தால்தான் தெருத் தொண்டர்கள் மாற்றாள் அனுப்புவார்கள். தொண்டரான இசக்கியம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. நேரிலேயே போய்விட்டாள்.

கதவைத் திறந்த பேச்சியக்காவின் கண்கள் குழி விழுந்து கிடந்தன. உள்ளே, முன்னாளில் பேருந்து நடத்துநராக இருந்த மாமனார் நாற்காலியில் சுகமாகச் சாய்ந்திருந்தார். பட்டை அவர் மணிக்கட்டில்.

“எக்கா, இத ஏன் தாத்தாவுக்குக் கெட்டுனீய?”

“நோக்காடு அவுகளுக்குத்தான, ஏட்டி? எனக்கு எதுக்கு?”

“ஒங்களுக்குத்தான் குடுத்தோம்! தாத்தா நாளெல்லாம் தூங்குதாரு, அது பச்சை காட்டாம என்ன செய்யும்?”

இசக்கியம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தனக்கென்றும் ஒன்று கிடைக்கும் என்று நினைக்கவே விடாமல் அக்காவை வளர்த்தவர்கள் மேல் கோபம். வாசலில் நின்றபடியே பட்டையை நீட்டிவிட்டுப் போன தன் மேலும்தான்.

கழற்றி அக்காவின் கையில் கட்டினாள். கட்டிய நொடியே சிவந்தது. கால் மணி நேரத்தில் இரண்டு தொண்டர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்.

மாமனார் விழித்துக்கொண்டார். “உள்ள ஏறுங்க, எடம் கெடக்கு.” பிறகு, சுவரைப் பிடித்து நின்ற மருமகளைப் பார்த்தார். “தாயி, இப்பிடி ஒக்காந்து ஒறங்கு. ஒன் நிறுத்தம் வந்ததும் நான் எழுப்புதேன்.”

பேச்சியக்கா உட்கார்ந்தாள். அவர் விசில் கொடுப்பதற்குள் உறங்கியும் போனாள்.