ஆள் உயர மெழுகுதிரி

“வெண்டிட்டாய் போலை கிடக்கு, பிள்ளை. நல்ல சந்தோசம்.”

மலையிலிருந்து இறங்கி வந்த சறோஜா ஆரணியின் கன்னத்தைத் தட்டினாள். ஆரணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“ஆர் சொன்னது அன்ரி?”

“ஆர் சொல்லவேணும்? அம்மா வெறுங்காலோடை, உன்ரை உயரத்துக்கு மெழுகுதிரியும் தூக்கிக்கொண்டு நேர்த்தி செய்யப் போறா. பாத்தாலே தெரியுதுதானே.”

சறோஜா போய்விட்டாள். பொழுதுபடுவதற்குள் பலெர்மோவிலுள்ள தமிழர் வீடுகளுக்கெல்லாம் செய்தி போய்விடும், ஆரணி வென்றுவிட்டாள் என்று.

அவள் வெல்லவில்லை. போன வியாழக்கிழமை வடக்கில் நடந்த தெரிவு ஓட்டத்தில் ஏழாவதாக வந்திருந்தாள். குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போகும் இத்தாலி அணியில் நான்கு பேருக்குத்தான் இடம்.

பனிமேல் பலகை கட்டிக்கொண்டு காடும் மேடும் கடக்கிற அந்த ஓட்டத்தில் அவள் மூன்று தடவை தேசியச் சம்பியன். பனி விழாத ஊரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை என்று பத்திரிகைகள் படம் போட்டன. பள்ளிச் சுற்றுலாவில் மதோனியே மலைக்குப் போனபோது முதன்முதலாகப் பலகை கட்டியவள், பதினான்கு வயதில் வடக்கே விளையாட்டுப் பள்ளி விடுதிக்குப் போனாள். கோடையில் வீட்டுக்கு வந்தாலும் ஓய்வில்லை. சக்கரம் பூட்டிய பலகையோடு இந்தப் பெல்லெக்ரீனோ மலைத் தெருவில்தான் பயிற்சி.

“அம்மா, உங்களுக்கு வெக்கமில்லையே? தோத்தவளைக் கூட்டிக்கொண்டு ஊர்வலம் போறியள்.”

தாய் நாகபூசணி திரும்பிப் பார்க்கவில்லை. சீசாப் பகுதியிலுள்ள வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, அடிவாரத்தில் செருப்பைக் கழற்றியதிலிருந்து அவள் ஒரே வேகத்தில்தான் நடந்துகொண்டிருந்தாள்.

“நேர்ந்தால் செய்யவேணும்.”

“கிடைச்சால்தானே செய்யவேணும்? வீட்டிலை இருக்கிற முருகன் காணாதெண்டு இந்த மலைக்கோயில் ரொசாலியாவிட்டையும் கேட்டனீங்கள். ரெண்டு பேரும் கைவிட்டிட்டினம்.”

“வாயைக் கழுவு. அவவைப் பற்றி அப்பிடிக் கதையாதை.”

“கதைப்பன். விடியக் கல்லு மாதிரிக் கிடந்த பனி, ஓட்டம் துவங்க இளகிப்போச்சு. பலகைக்குப் பூசின மெழுகு ஒட்டிப் பிடிச்சு இழுத்துது. மெழுகாலை தோத்துப்போட்டு வந்து நிக்கிறன், நீங்கள் அஞ்சடி மெழுகைத் தூக்கிக்கொண்டு வாறியள்.”

“இளகினதோ?” நாகபூசணி மலை உச்சியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நடந்தாள்.

ஆரணிக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

“மூண்டு தரம் சம்பியனாய் வந்தனான். அப்ப ஒரு சின்னத் திரி கொளுத்தினனீங்களே? போன வருசம் நான் வெண்டதை ரீவியிலை பாத்து அப்பா அழுதவராம். தங்கச்சி கேசிகா சொன்னவள், நீங்கள் மட்டும் எழும்பிக் குசினிக்குள்ளை போட்டீங்களெண்டு.”

“நீ பனிக்குள்ளை குப்புறக் கிடந்தாய். வாயாலை நுரை. எல்லாரும் கை தட்டிச்சினம்.”

“ஓடி முடிச்ச உடனை எல்லாரும்தான் விழுறது அம்மா. அதுதான் ஓட்டம்.”

கல்பாதை தார்த்தெருவைக் குறுக்கே வெட்டும் வளைவில் நாகபூசணி நின்றாள். தெருவோரத்துக் கல்லொன்றைக் காட்டினாள்.

“ஆவணியிலை நீ இதிலைதான் மயங்கிக் கிடந்தனீ. இங்கை பனியுமில்லை, ஓட்டமுமில்லை. நெஞ்சைப் பொத்திக்கொண்டு கிடந்தாய்.”

“அது வெய்யில்.”

“டொக்டரிட்டைப் போவமெண்டு காலைப் பிடிக்காத குறையாய்க் கேட்டன். கோச்சுக்கும் சொல்லக்கூடாது, அப்பாவுக்கும் சொல்லக்கூடாதெண்டு தலையிலை அடிச்சுச் சத்தியம் வாங்கினாய்.”

“சொல்லியிருந்தால் என்னை அணியிலையிருந்து தூக்கியிருப்பினம்.” ஆரணியின் குரல் உடைந்தது. “இப்ப என்ன, தூக்கியாச்சுத்தானே. பஸ்தா, போதும் அம்மா.”

இருவரும் மேலே ஏறினார்கள்.

குகைக்கோயிலின் உள்ளே பாறையில் சொட்டிய நீர் தகரப் பீலிகளில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த தட்டில் மெழுகுதிரியை நிறுத்தி, நாகபூசணி நெருப்புக்குச்சியைத் தட்டினாள். அவள் குதிக்காலில் கல் கீறி இரத்தம் கசிந்திருந்தது.

அதைப் பார்த்ததும் ஆரணியால் பொறுக்க முடியவில்லை. மெழுகுதிரியை எட்டிப் பிடித்தாள்.

“கொளுத்த விடமாட்டன். என்ரை பேரிலை இவவுக்கு ஒரு சொட்டு மெழுகும் குடுக்கக்கூடாது. இவ உங்களுக்கு ஒண்டும் தரேல்லை.”

“விடடி கையை.” நாகபூசணி மகளை ஒருநாளும் அப்படி அதட்டியதில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அவ தந்தவ. நான் என்ன கேட்டனோ அதைத் தந்தவ.”

திரி பற்றிக்கொண்டது. நாகபூசணி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினாள். மலை ஏறத் தொடங்கியதிலிருந்து வராத கண்ணீர் இப்போது வந்தது.

“அப்பிடி என்னத்தைக் கேட்டனீங்கள்?”

“நீ தோக்கவேணும் எண்டு.”