சாப்பிட்டு மூன்று மணி நேரம்

அடுப்பு பழுதாகிவிட்டது என்று கடற்கரை உணவகத்து எர்சீலியா வந்து சொன்னதும் ஒத்தாவியோ கையில் எடுத்த முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"சாப்பாடு ஒரு மணி நேரம் லேட்டாகும். அதுவரைக்கும் மூணு பேரும் நீந்திட்டு வாங்களேன்."

சாப்பிட்டால் மூன்று மணி நேரம் கடலில் இறங்கக்கூடாது என்பது அந்த இத்தாலியக் கடலோர ஊரில் தாய்ப்பாலோடு ஊட்டப்படும் சட்டம். அதன் தயவில்தான், வந்த உடனே பாஸ்தாவை ஒரு பிடி பிடித்துவிட்டு, தண்ணீரில் கால் வைக்காமலேயே, தான் ஒருகாலத்தில் எதிர்த்தீவுக்கு நீந்திப் போன கதையை இருபது கோடையாக நண்பர்களிடம் அளந்துவந்தார்.

"என்ன கேப்டன், இன்னிக்குத்தான் வயிறு காலியா இருக்கே!" என்று ஒத்தாவியோவைப் பார்த்து எர்சீலியா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

நண்பர்கள் ஃபுல்ஜென்சியோவும் ரெமிஜியோவும் எழுந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக ஒத்தாவியோவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஓடவிடமாட்டார்கள் போலிருக்கிறது!

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. நெஞ்சைத் தொட்டபோது இருபுறமும் நகங்கள் சதையில் பதிந்தன. மானமாவது மண்ணாவது!

"கையை விடுங்கடா! எனக்கு நீச்சலே தெரியாது!" என்று அலறினார்.

இரண்டு முகங்களும் வெளிறிப்போயின.

"அடப்பாவி!" என்றார் ரெமிஜியோ, பிடியை இன்னும் இறுக்கியபடி. "உன்னை நம்பித்தானேடா நாங்க ரெண்டு பேரும் இறங்கினோம்!"