அனுப்பி வைத்த சிநேகிதி

"உட்காரும்மா. யார் மேல சந்தேகம்?"

கேட்டவர் இயக்குநர். அணுப்பொருள் தப்பான கைக்குப் போய்விடாமல் காக்கும் வேலைக்கு ஆள் தயார் செய்வதற்காக, மேற்படிப்பு மாணவர்கள் சிலருக்கு உதவித்தொகை கொடுத்து, விடுதியில் வைத்துப் படிக்க வைக்கும் திட்டம் அவர் பொறுப்பில் இருந்தது. எதிரே உட்கார்ந்தவளுக்குக் கல்லூரி நாளிலேயே வைத்த பெயர் பூட்டு. வாயைத் திறந்திருந்தால்தானே வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

"எனக்குப் பக்கத்து ரூம்ல இருக்கிறவ மேல, மேடம்."

"யாரு, அந்த வாயாடியா?"

பூட்டு தலையை ஆட்டினாள். அதே உதவித்தொகையில் சேர்ந்து வேறோர் ஆய்வுக்கூடத்தில் இருந்த அந்தப் பெண்ணுக்கு விடுதி முழுக்க அதுதான் பெயர்.

சேர்ந்த முதல் நாளே இயக்குநர் எல்லோரையும் கூட்டி வைத்து எச்சரித்திருந்தார். வருஷம் முடிவதற்குள் யாராவது வலிய வந்து சிரித்துப் பழகுவார்கள், ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று வாயைக் கிளறுவார்கள், அது நாங்களே அனுப்பும் ஆள்தான் என்றார். கண்டுபிடித்து வந்து சொல்கிறவர்களுக்கு உதவித்தொகை தொடரும். ஏமாந்து உளறுகிறவர்கள் மூட்டையைக் கட்டலாம்.

மூட்டையைக் கட்டினால் போவதற்குப் பூட்டுக்கு உருப்படியாக ஓர் இடம் கிடையாது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அத்தை வீட்டு மாடி அறைதான் வீடு. மேலே ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் நினைவுக்கு வரும், சில நாள் அதுவும் வராது. அக்காவுக்குப் போன் போட்டால், "நல்லாயிருக்கியா? சரி, அடுப்புல வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாள்.

"அப்படி என்ன செஞ்சா அவ?"

"தினமும் சாயங்காலம் கதவைத் தட்டி டீ குடுப்பா, மேடம்."

"டீ குடுக்கிறது ஒரு குத்தமா?"

"அதில்ல. லேப் எப்போ மூடுவாங்க, கூட யார் இருப்பாங்க, எந்த வழியா வருவேன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. எதுக்குக் கேக்கறேன்னு நான் கேட்டா, சேர்ந்து நடந்து வரலாமேன்னு சொல்லுவா."

"நீ என்ன சொன்ன?"

"லேப் பத்தி மூச்சு விடலை, மேடம். பேச்சை மாத்தணுமேன்னு அவ லேப் வேலையைப் பத்தியே திருப்பித் திருப்பிக் கேட்பேன். எனக்கு வேற என்ன பேசறதுன்னும் தெரியாது. அவ மெஸ்ல வந்து உட்கார்ந்தா மத்தவங்கல்லாம் தட்டைத் தூக்கிட்டு எழுந்துடுவாங்க. எல்லாரும் உஷாராயிட்டாங்க, நான்தான் மக்கு மாதிரி உட்கார்ந்திருக்கேன்னு நினைச்சுக்குவேன்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொண்ணுங்க சாதாரணமா பேசிக்கிறதுதானேம்மா இதெல்லாம். இதை மட்டும் வெச்சு எப்படி?"

இதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பூட்டு வரவில்லை.

"போன மாசம் எனக்குக் காய்ச்சல். பக்கத்துலயே உட்கார்ந்து நெத்தில துணியை நனைச்சு நனைச்சுப் போட்டா. நான் தூங்கற வரைக்கும் போகலை. என்கூட யாரும் அப்படி இருந்ததில்லை, மேடம். எனக்குப் போய் ஒருத்தி சும்மா எதுக்கு இதெல்லாம் செய்யணும்? யாரோ சொல்லித்தான் செய்யறான்னு அன்னிக்கே தோணிருச்சு."

"அன்னிக்கே தோணுச்சுன்னா, இத்தனை நாள் ஏன் வந்து சொல்லலை?"

"சொன்னா டீ நின்னுடும்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இப்ப மட்டும் ஏன் வந்தே?"

"நேத்து அவ இந்த ரூம்லேர்ந்து வெளிய வந்ததைப் பார்த்தேன், மேடம். என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. காலைல எழுந்து பார்த்தா ரூமே காலி, கொடியில ஒரு துண்டுகூட இல்லை. வந்த வேலை முடிஞ்சுது, கிளம்பிட்டா. இன்னிக்கும் நான் வாயைத் திறக்கலைன்னா என்னை அனுப்பிடுவீங்க. அவ உங்க ஆள்தானே, மேடம்?"

கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். உதவித்தொகை போனால் அத்தை வீட்டு மாடிதான் என்று தெரியும். தெரிந்தும், 'இல்லை' என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று மனதின் ஒரு மூலையில் ஆசை இருந்தது.

"நீ பாஸ்மா" என்றார் இயக்குநர். "உன் உதவித்தொகை தொடரும். கவலைப்படாதே."

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் பூட்டுக்கு அழுகை வந்தது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லாத்தான் நடிச்சா, மேடம். அவளைப் பார்த்தீங்கன்னா டீ நல்லா இருந்துச்சுன்னு நான் சொன்னதா சொல்லிடுங்க."

"உட்காரும்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "இந்த வருஷம் நாங்க யாரையுமே அனுப்பலை. அனுப்புவோம்னு சொல்லி வெச்சாலே போதும், எல்லாரும் உஷாராயிடறீங்க."

பூட்டு திரும்ப உட்கார்ந்தாள்.

"அப்போ நேத்து அவ இங்க எதுக்கு வந்தா?"

"நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான். பயமா இருக்கு, வேற கட்டடத்துல ரூம் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டா. 'நான் பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் எழுந்து போயிடுவாங்க, மேடம். இவ ஒருத்திதான் தினமும் உட்கார்ந்து கேக்கறா. என் லேப் வேலை எப்படிப் போகுதுன்னு விசாரிக்கறா. யாரும் அனுப்பாம என்கிட்ட ஒருத்தி இப்படி இருப்பாளா'ன்னு அழுதா."