விளைமீன் தலை

"தலைய மாப்பிள்ளைக்கு வையி, செசிலி."

அப்பா பாக்கியநாதன் அம்மாவிடம் சொன்னதும், திரைக்குப் பின்னால் நின்ற சுஜீவா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

பல்கலைக்கழகத்தில் அவள் விளைமீனைப் பற்றி ஆய்வு செய்கிறாள். மீனின் தலைக்குள் இரண்டு சிறு கற்கள் இருக்கும். மரத்தில் உள்ளதுபோல அவற்றிலும் வருட வளையங்கள். எந்த வயதில் முட்டையிடத் தொடங்குகிறது, எவ்வளவு காலம் வளர்கிறது என்று அவைதான் சொல்லும். குஞ்சும் நடுத்தரமுமாக நிறையச் சேர்த்துவிட்டாள். கிழட்டு மீன் ஒன்று கிடைக்காமல் ஆய்வு நின்றுபோயிருந்தது. திருகோணமலையில் அது கிடைத்த நேரத்தில்தான், பெண் பார்க்க வருகிறார்கள், உடனே வா என்று வீட்டிலிருந்து அழைப்பு.

மீனை வைத்த ஐஸ் பெட்டியோடு பதுளைக்கு வந்து, லுணுகலை பஸ் பிடித்து, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அதை வெட்டிக் குழம்பு வைத்துவிட்டாள். விருந்துக்கு மகளே மீன் வாங்கி வந்திருக்கிறாள் என்று லயம் முழுக்கப் பெருமை வேறு.

வெந்தாலும் கல் கெடாது, சட்டியிலிருந்து தலையை எடுத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றியிருந்தாள். இப்போது அது கொஸ்லந்தையிலிருந்து வந்த கிருபாகரனின் தட்டில். மாப்பிள்ளைக்கு வைத்த தலையைத் திருப்பிக் கேட்க எந்தப் பெண்ணால் முடியும்?

அவனுடைய மாமாவுக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பினாள். தட்டில் தலை இல்லை. ஒரு முள்கூட இல்லை.

"பாத்தியா புள்ள, எலும்பக்கூட விட்டு வைக்கல" என்றாள் அம்மா பூரிப்போடு.

அத்தனை காலம் கடலில் தப்பிப் பிழைத்த மீன், கடைசியில் ஒரு சாப்பாட்டுராமனின் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

பிள்ளைகள் கொஞ்சம் பேசட்டும் என்று பெரியவர்கள் இருவரையும் வாசலுக்கு அனுப்பினார்கள். தேயிலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கிருபாகரன் ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"ஒரு உதவி செய்வீங்களா?" என்றான் மெல்ல. "வீட்டுல சொல்லிறாதீங்க. மீன் வாடையே எனக்கு ஆகாதுங்க. உங்கப்பா மனசு நோகக் கூடாதேன்னுதான்..."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஷொப்பிங் பையில் சுற்றிய பொட்டலமொன்றை எடுத்து நீட்டினான்.

"இந்தத் தலைய நாய்க்குப் போட்டுருங்க."